நல்ல புகைப்படம் எது?

எங்கள் உம்மாவின் வாப்பாவை நாங்கள் மூத்தவாப்பா என்போம். நான் அவரைக் கண்டதில்லை. அவருக்கு இருப்பது ஒரேயொரு புகைப்படம். தீப்பெட்டி அளவான கறுப்பு வெள்ளைப் படம். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்வதற்காக முல்லைத்தீவில் எடுத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. கலியாணப் படங்கள் இருந்த அல்பம் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தச் சின்னப் படம் மட்டும் உம்மம்மாவின் பேர்ஸுக்குள் இருந்ததால் புத்தளம்வரை போனது. மூத்தவாப்பா அங்கேயே மௌத்தானார். பல வருடங்களுக்குப் பிறகு படமும் உம்மம்மாவும் வன்னிக்குத் திரும்பி வந்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன், படம் மங்கிக்கொண்டு வருகிறதே என்று உம்மா அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். ஒரு கிழமையில் பளபளவென்று வந்தது. மூத்தவாப்பா கோட்டும் டையும் போட்டிருந்தார். பின்னால் நீலத் திரை. வெயிலில் வேலை செய்த கமக்காரனின் முகம் வெள்ளையாகியிருந்தது. கன்னம் நிரம்பியிருந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு இல்லை. உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கிறார். ஆனா இது அவரில்ல" என்றார். படத்தைத் திருப்பி என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் நல்ல புகைப்படம் எது என்ற கேள்வி எனக்குள் வந்தது. அதற்கு முன் நானும் பில்டர் போடாமல் ஒரு படமும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தவள் இல்லை.

ஸ்டூடியோக்காரரில் பிழை சொல்ல மாட்டேன். உம்மா போய்க் கேட்டபோது, "எல்லாரும் இப்பிடித்தானே கேக்கிறாங்க, அதுதான் செய்தேன்" என்றாராம். அது உண்மை. கோட் போடுங்கள், வெள்ளையாக்குங்கள், பருவை எடுங்கள், பின்னால் சுவிற்சர்லாந்து மலையைப் போடுங்கள் என்று கேட்பவர்கள் நாங்கள்தான். கேட்காமலே செய்து பழகிவிட்டது கை.

பிறகு எங்கள் உறவுக்கார அண்ணன் ஒருவர் அந்தச் சின்னப் படத்தை வாங்கிப்போய் ஸ்கேன் செய்து, தானே கணினியில் உட்கார்ந்து வேலை செய்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பேர்ஸுக்குள் மடிந்து கிடந்ததால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதை மெல்ல மெல்ல மறைத்தார். பூஞ்சணப் புள்ளிகளை எடுத்தார். மங்கிப்போன கறுப்பைக் கொஞ்சம் கறுப்பாக்கினார். தழும்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "இதைத் தொட மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கோடு கடதாசியில இருந்தது. தழும்பு அவற்ற முகத்தில இருந்தது" என்றார்.

இந்த விஷயத்தைப் பற்றிப் பிறகு நான் வாசித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. எடிட்டிங் செய்யலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எதைத் திருத்துகிறோம் என்று கேட்க வேண்டும். கடதாசியின் குறையையும் கமராவின் குறையையும் வெளிச்சத்தின் குறையையும் திருத்தினால், கமராவுக்கு முன்னால் இருந்தது இன்னும் தெளிவாகத் தெரியும். கமராவுக்கு முன்னால் இருந்ததையே திருத்தினால் படம் அழகாக வரலாம். ஆனால் "இப்படித்தான் இருந்தது" என்று அது சாட்சி சொல்ல முடியாது.

செய்தி நிறுவனங்கள் இந்தக் கோட்டை மிகக் கண்டிப்பாகப் போட்டிருக்கின்றன. 2006 ஓகஸ்டில் லெபனான் மீது இஸ்ரேல் குண்டு வீசிய நாட்களில், பெய்ரூட் நகருக்கு மேலே புகை எழும் படம் ஒன்றை ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. எடுத்தவர் அத்னான் ஹாஜ். புகை உண்மை, குண்டு வீசியதும் உண்மை. ஆனால் படத்தில் புகையின் ஒரு பகுதி திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டுக் கூட்டப்பட்டிருந்ததை ஆட்கள் கண்டுபிடித்தார்கள். தூசியை நீக்கத்தான் முயன்றேன் என்றார் அவர். ரொய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் தன் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டது. இதில் எனக்கு மனம் நொந்த விஷயம், அந்த நகரத்து மக்களின் துன்பம் உண்மையாக இருந்தும், கூட்டிய கொஞ்சப் புகையால் அதையே சந்தேகிக்க ஆட்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது என்பதுதான். உண்மைக்கு மேலே பூசினால் உண்மைதான் பலவீனப்படும்.

இன்னொரு சம்பவம் இதைவிடச் சின்னது. நர்சிசோ கொன்ட்ரெராஸ் என்ற மெக்சிக்கோ நாட்டுக்காரர் சிரியாப் போரைப் படமெடுத்தவர். 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற ஏ.பி. செய்தி நிறுவனக் குழுவில் அவரும் ஒருவர். ஒரு படத்தின் மூலையில் சக ஊடகவியலாளரின் வீடியோக் கமரா கிடந்தது. பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை அழித்துவிட்டு அனுப்பினார். 2014 ஜனவரியில் ஏ.பி. அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. மூலையில் கிடந்த ஒரு கமராவுக்காகவா இவ்வளவும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் வாசிப்பவருக்கு எது சின்னது எது பெரியது என்று முடிவுசெய்யும் உரிமை படம் எடுத்தவருக்கு இல்லை என்பதுதான் அவர்களுடைய நியாயம். இன்று கமராவை எடுத்தவர் நாளை ஆளை எடுக்க மாட்டார் என்று எப்படி நம்புவது?

இந்தக் குழப்பம் இப்போதுதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1982 பெப்ரவரியில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, நெட்டான அட்டைக்குள் அடங்குவதற்காக எகிப்தின் இரண்டு பிரமிட்டுகளை ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்துவிட்டது. அதற்கும் முன்னரே இருட்டறையில் ஒரு பகுதிக்கு வெளிச்சம் கூட்டுவதும் இன்னொரு பகுதிக்குக் குறைப்பதும் எல்லோரும் செய்த வேலை. நம் நாட்டிலேயே லயனல் வென்ட் என்ற பெரிய கலைஞர் இருந்தார் (1900–1944). கொழும்பில் அவருடைய பெயரில் கலையரங்கு இருக்கிறது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அச்சிடுவதும், வெளிச்சத்தையும் நிழலையும் தலைகீழாக்குவதும் அவருக்கு விளையாட்டுப்போல. அவை பொய்ப் படங்களா? இல்லை. அவர் அவற்றைக் கலையாகவே காட்டினார். கதை எழுதுகிறவர் பொய் சொல்வதாக நாம் நினைப்பதில்லையே. கதையைக் கொண்டுபோய்ப் பொலிஸில் வாக்குமூலமாகக் கொடுத்தால்தான் வில்லங்கம்.

வன்னியில் இருக்கும் எங்களுக்குப் படம் சாட்சியாவது என்றால் என்னவென்று பாடம் நடத்தத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது அவர்கள் கையில் பிடித்திருந்த படங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். கடவுச்சீட்டு அளவுப் படத்தைப் பெரிதாக்கியது, கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்தது, பள்ளிக்கூடச் சீருடையோடு நிற்பது. பெரிதாக்கியதில் பல படங்கள் உடைந்து கலங்கிப்போய் இருக்கும். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்தத் தாய்க்கு அதைவிட நல்ல படம் உலகத்தில் இல்லை. அதில் ஒரு மருவை அழித்தால்கூட, "இவரைக் கண்டனீங்களா?" என்று கேட்கும்போது அடையாளம் குறைந்துபோகும்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். இறந்துபோன தகப்பனின் படத்தை வெட்டியெடுத்து மகளின் கலியாணப் படத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துத் தரும்படி ஸ்டூடியோக்களில் கேட்பவர்கள் உண்டு. கமராவுக்கு முன்னால் இல்லாத ஆளைச் சேர்ப்பது நான் மேலே சொன்ன கோட்டுக்கு அப்பால்தான். ஆனாலும் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பார்த்து ஏமாறுவதில்லை. தகப்பன் அன்று வரவில்லை என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அது ஆசையின் படம். ஆசையின் படமாகவே இருக்கட்டும். ஒட்டுவதற்கு முந்திய இரண்டு படங்களையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். முப்பது வருடங்களுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது எது நடந்தது, எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்பினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, திருத்தாமல் விட்டால் மட்டும் படம் நல்லதாகிவிடுமா? ஆகாது. எங்கள் வீட்டுப் போனில் திருத்தாத படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். திரும்பப் பார்க்க வைப்பவை பத்து வராது. "எல்லாரும் இஞ்ச பாருங்க" என்றதும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சிரிக்கிறோம், ஒரே பக்கம் தலையைச் சரிக்கிறோம். யாருடைய சுபாவமும் அதில் இல்லை. உம்மம்மாவைக் கதிரையில் இருத்தி எடுத்தால் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல விறைத்துப்போய் இருப்பார். அதே உம்மம்மா விறாந்தையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கும்போது ஒரு படம் எடுத்தேன். உமி பறக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. அதைப் பார்த்தால் அவருடைய குரல் கேட்கிறது.

இயல்பான கணம் என்பது கிடைத்தால் கிடைக்கும் அதிர்ஷ்டம் இல்லை. பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே பிரெசன் 1952இல் வெளியிட்ட புத்தகம் இந்தக் கணத்தைப் பற்றிய பேச்சை உலகம் முழுக்கப் பரப்பியது. அவருடைய முறையில் பாதி காத்திருப்பு. பின்னணி நன்றாக அமையும் ஓர் இடத்தில் முதலில் நின்றுகொள்வார். ஆள் பிறகு வருவார். முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் இது உங்களுக்கு விளங்கும். வலை கரைக்கு வரும்வரை நடப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மடி கரையைத் தொடும் நேரத்தில்தான் எல்லா முகமும் ஒன்றாக மாறும். அதுவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கத் தெரிய வேண்டும். வெளிச்சமும் விடியற்காலையில்தான் அங்கே நன்றாக இருக்கும், கடல் கிழக்கே இருப்பதால்.

இவ்வகைப் படங்களில் என் மனதை விட்டுப் போகாதது, இந்தியாவைச் சேர்ந்த ரொய்ட்டர்ஸ் படப்பிடிப்பாளர் தானிஷ் சித்தீக்கி 2017 செப்டெம்பரில் பங்களாதேஷின் ஷா பொரிர் தீவில் எடுத்த படம். மியன்மாரிலிருந்து படகில் தப்பிவந்த ரோஹிங்யாப் பெண் ஒருவர் களைத்துப்போய் ஈர மணலில் முழந்தாளிட்டு, கரையைக் கையால் தொடுகிறார். அவர் கமராவைப் பார்க்கவில்லை. தன்னை யாரும் படம் எடுப்பது அவருக்கு அந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் படமும் இடம்பெற்ற தொகுப்புக்கு 2018இல் ரொய்ட்டர்ஸ் குழு புலிட்சர் பரிசு பெற்றது. அதே சித்தீக்கி 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் படமெடுக்கும் பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டார். அந்தப் பெண்ணின் கையை நான் உம்மம்மாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைத் திருப்பித் தரவும் இல்லை, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இனி எங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருவோம். பில்டர் போடாத படம் தூய்மையான படம் என்று நினைக்கிறோம். அதுவும் சரியில்லை. இப்போதைய போன்கள் நீங்கள் ஒருமுறை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்து, இருட்டான இடத்தை ஒன்றிலிருந்தும் வெளிச்சமான இடத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துத்தான் ஒரு படத்தைத் தருகின்றன. இதில் பெரிய பாவம் இல்லை. எங்கள் கண்ணும் ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கிறது. வில்லங்கம் அழகாக்கும் வசதியில். பல போன்களின் செல்பிக் கமராவில் அது வாங்கும்போதே திறந்திருக்கும். தோலைத் துடைத்து, கண்ணைப் பெரிதாக்கி, நாடியைக் கூராக்கித் தந்துவிடும். நாங்கள் திருத்தவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒருமுறை செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

எங்களைப்போலக் கறுத்த, மாநிற முகங்களுக்கு கமரா செய்த அநியாயம் பழையது. கொடக் கம்பனி முன்பு கலர்ப் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷர்லி அட்டை என்பார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று முடிவு. கறுத்த முகம் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. சொக்லேட்டும் மரத் தளபாடமும் விற்கும் கம்பனிகள் தங்கள் பொருட்களின் நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பிலிமில் திருத்தம் வந்தது என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த அட்டை போய்விட்டது. அதன் வேலையை இப்போது பில்டர் செய்கிறது. நாங்களே விரலால் அழுத்திச் செய்கிறோம்.

எங்கள் வகுப்புப் படத்தில் எல்லோரும் இருட்டாக வந்ததற்கு எங்கள் நிறம் காரணம் இல்லை. வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவுமாக நாற்பது பேர் நிற்கும்போது, கமரா "அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம்" என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கும். உடுப்பு சாம்பலாகும், முகம் கறுக்கும். திரையில் ஒரு முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்கள் அந்த முகத்துக்கேற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும். வெயிலையும் கவனிக்க வேண்டும். ஏப்ரலிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே நிற்கும். அப்போது எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுத்தக் குழிகள்தான் வரும். எந்தப் பாடசாலையிலும் ஏனோ பதினொரு மணிக்கு மைதான நடுவில்தான் படம் எடுப்பார்கள்! காலை எட்டு மணிக்கு முன்னரோ, பின்னேரம் நாலரைக்குப் பிறகோ, அல்லது ஒரு மர நிழலிலோ எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் என்றால் யன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். வில்லையில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் புகாராக வரும். துடைக்க ஒரு துணி முனை போதும். இவ்வளவையும் செய்தால் பில்டருக்கு மிச்சம் இருக்கும் வேலை கொஞ்சம்தான்.

இயல்பான படம் வேண்டும் என்பதற்காகக் கேட்காமல் எடுக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் வீடுகளில் படம் எடுப்பதை விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். எடுத்தாலும் வெளியே போகக் கூடாது என்பவர்கள் அதிகம். நான் முதலிலேயே கேட்டுவிடுவேன். சம்மதம் கிடைத்த பிறகு சும்மா இருந்து கதைத்துக்கொண்டிருந்தால், பத்து நிமிடத்தில் போன் இருப்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள். எடுத்த பிறகு காட்டி, வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுவேன். முகம் இல்லாமலும் நல்ல படம் வரும். பாய் இழைக்கும் விரல்கள், மருதாணி காயும்வரை விரித்துவைத்த கைகள், நோன்பு திறக்கக் காத்திருக்கும் கஞ்சிக் கோப்பைகளின் வரிசை.

உறவுக்கார அண்ணன் செய்து தந்த மூத்தவாப்பாவின் படம் இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை, எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. கோட் இல்லை, கழுத்துப் பொத்தான் பூட்டிய சாதாரண சேர்ட்தான். படம் வந்த அன்று உம்மம்மா புருவத்துக்கு மேலே விரலை வைத்து, சின்ன வயதில் பாலை மரத்தால் விழுந்த கதையைச் சொன்னார். உம்மாவுக்கே அது புதிய கதை. பிறகு படத்தின் பின்பக்கத்தில் எழுது என்றார். அவர் சொல்லச் சொல்லப் பெயரையும் ஊரையும் எழுதினேன். எப்போது எடுத்தது என்று கேட்டேன். திகதி ஞாபகம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலபோக வெட்டு முடிஞ்ச கிழமை என்று போடு" என்றார். அப்படியே எழுதினேன்.